நீரில் கரையும் மருந்தை லிப்போசோமுக்குள் ஏற்றுவது எப்படி: டாக்ஸோருபிசினை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு லிப்போசோம் (லிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளாலான சவ்வு, நீரைச் சுற்றி மூடிய நுண்ணிய குமிழ்) எடுக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். துகள் அளவு 100 நானோமீட்டருக்கு அழகாக வந்துவிடும். மருந்து மட்டும் உள்ளே இருக்காது. போட்டதில் 3 சதவீதமோ 5 சதவீதமோ ஏறியிருக்கும். உடனே லிப்பிடை மாற்றுவார்கள், மருந்தைக் கூட்டுவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

பெரும்பாலும் கோளாறு லிப்பிடிலும் இல்லை, மருந்திலும் இல்லை. படிகளின் வரிசையிலும், லிப்போசோமுக்கு வெளியே இருக்கும் திரவத்தை எவ்வளவு சுத்தமாக மாற்றினார்கள் என்பதிலும்தான் இருக்கிறது. அதனால் 6-ஆம் படியில் நீண்ட நேரம் நிற்கப் போகிறேன். மற்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

இது ஆய்வுக்கூட வேலைக்கான வழிகாட்டி. இப்படிச் செய்தது எதுவும் மனிதருக்குச் செலுத்துவதற்கு அல்ல.

1. உங்கள் மருந்து எந்த வழிக்கு ஒத்துவரும்?

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சவ்வு லிப்போசோமில், ஒரு மைக்ரோமோல் லிப்பிடுக்கு உள்ளே அடைபடும் நீர் சுமார் 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான். ஒரு மில்லிலிட்டரில் 10 மைக்ரோமோல் லிப்பிட் இருந்தால், உள்ளே இருக்கும் நீர் 30 மைக்ரோலிட்டரைத் தாண்டாது. மீதி 970 மைக்ரோலிட்டரும் வெளியேதான் கிடக்கிறது.

ஆகவே மருந்தை நீரில் கரைத்து, அதைக்கொண்டே லிப்பிட் படலத்தை நனைத்தால், மருந்தும் அதே விகிதத்தில்தான் பிரியும். உள்ளே 3 சதவீதம், வெளியே 97. இதில் உங்கள் கைத்திறன் மாற்றக்கூடியது கொஞ்சம்தான்.

மருந்து ஒரு வலுக்குறைந்த காரமாக இருந்தால் இந்த வரம்பைத் தாண்ட வழி உண்டு. லிப்போசோமுக்குள் அம்மோனியம் சல்ஃபேட்டை வைத்து, வெளியே இருப்பதை நீக்கிவிட்டால், மருந்து தானாகவே உள்ளே போய்ச் சேரும். புற்றுநோய் மருந்தான டாக்ஸோருபிசின் ஹைட்ரோகுளோரைடுக்குச் சந்தையில் உள்ள லிப்போசோம் ஊசிமருந்து இப்படித்தான் ஏற்றப்படுகிறது. 90 சதவீதத்துக்கு மேல் ஏறுவது இதில் சாதாரணம். வலுக்குறைந்த அமிலங்களுக்குக் கால்சியம் அசிடேட்டை வைத்து இதன் மறுபக்கத்தைச் செய்யலாம்.

ஜென்டாமைசின் போல எப்போதும் மின்னேற்றத்தோடு இருந்து சவ்வைக் கடக்கவே முடியாத மருந்துகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றைப் பற்றி 11-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லிப்பிடுகள் மூன்று: ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்ஃபாட்டிடைல்கோலின் 72 மில்லிகிராம், கொலஸ்டிரால் 24 மில்லிகிராம், டிஎஸ்பிஇ-பெக் 2000 (பெக் என்னும் பாலிமர் சங்கிலி கோத்த லிப்பிட்) 24 மில்லிகிராம். எடையில் 3:1:1. முதல் லிப்பிடின் சவ்வு 50 டிகிரிக்குச் சற்று மேலேதான் இளகும். அறை வெப்பத்திலும் உடல் வெப்பத்திலும் இறுகி நிற்பதால் மருந்து கசியாது. ஆனால் சூடு தேவைப்படும் ஒவ்வொரு படியிலும் அது உங்களிடம் 60 டிகிரியாவது கேட்கும்.

உள் கரைசல்: 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்ஃபேட். 100 மில்லிலிட்டருக்கு 3.30 கிராம்.

வெளிக் கரைசல்: 10 சதவீத சுக்ரோஸில் 10 மில்லிமோலார் ஹிஸ்டிடின், பிஎச் 6.5. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சுக்ரோஸ், 155 மில்லிகிராம் ஹிஸ்டிடின். ஒன்றரை லிட்டர் தயாராக வைத்திருங்கள். 6-ஆம் படியில் வெளித் திரவத்தை மாற்றும் டயாலிசிஸுக்கே 1.2 லிட்டர் போய்விடும்.

மருந்து: டாக்ஸோருபிசின் ஹைட்ரோகுளோரைடு 10 மில்லிகிராம், 10 சதவீத சுக்ரோஸ் 2 மில்லிலிட்டரில் கரைத்தது. பாஸ்ஃபேட் பஃபரில் கரைக்காதீர்கள். உப்பும் பாஸ்ஃபேட்டும் இருந்தால் இந்த மருந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பின்னால் லிப்பிடைக் கணக்கிடப் பாஸ்பரஸை அளக்கும்போதும் அந்த பாஸ்ஃபேட் கணக்கைக் கெடுக்கும்.

லிப்பிட் குப்பிகளை மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்க வேண்டாம். மூடியபடியே அரை மணி நேரம் மேசைமேல் வையுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். குறிப்பாக பெக் லிப்பிட் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அதன்பின் தராசு காட்டுவது லிப்பிடின் எடை மட்டுமல்ல, நீரின் எடையும் சேர்ந்தது.

டாக்ஸோருபிசின் செல்களைக் கொல்லும் மருந்து. இரட்டைக் கையுறை, கண்ணாடி, பாதுகாப்புக் கேபினெட் கட்டாயம். ஒளி பட்டால் சிதையும் என்பதால் ஃபாயில் சுற்றுங்கள். சிந்தினால் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடையுங்கள். ஆனால் அந்த ஹைப்போகுளோரைட்டை அம்மோனியம் சல்ஃபேட் கழிவுப் பாட்டிலில் ஊற்றக் கூடாது. நச்சு வாயுவான குளோரமின் கிளம்பும். இரண்டு கழிவுக்கும் தனித்தனிப் பாட்டில் வைத்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

3. படலம் போடுதல்

மூன்று லிப்பிடையும் 100 மில்லி ரவுண்ட் பாட்டம் ஃபிளாஸ்கில் 5 மில்லிலிட்டர் குளோரோஃபார்மில் கரையுங்கள். ரோட்டாவேப்பில் (ஃபிளாஸ்க்கைச் சுழற்றியபடி கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 45 டிகிரியில் சுற்ற விட்டு, வாக்யூமைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் கரைசல் பொங்கி, லிப்பிட் ஃபிளாஸ்கின் கழுத்துக்கு ஏறிவிடும். அங்கே ஒட்டியதை மீட்பது கடினம்.

சின்ன ஃபிளாஸ்க் எடுப்பது பலர் செய்யும் தவறு. படலம் தடித்துப்போகும், நீர் உள்ளே நுழையாது, கட்டிகள் மிதக்கும். மெல்லிய, சீரான, பால்நிறப் படலம் வர வேண்டும்.

படலம் வந்ததும் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, முழு வாக்யூமில் வையுங்கள். மிஞ்சிய குளோரோஃபார்ம் சவ்வைத் தளர்த்தும். அந்தத் தளர்ச்சி இன்று தெரியாது. நாளை மருந்து கசியும்போதுதான் தெரியும்.

4. நனைத்தல்

4 மில்லிலிட்டர் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை முதலிலேயே 65 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள். ஃபிளாஸ்க்கை 65 டிகிரி வாட்டர் பாத்தில், வாக்யூம் இல்லாமல், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் சுற்ற விடுங்கள். சில கண்ணாடி மணிகளைப் போட்டால் சுவரிலுள்ள படலம் நன்றாக உரிந்து வரும்.

குளிர்ந்த கரைசலை ஊற்றினால் லிப்பிட் இறுகிய நிலையிலேயே செதில் செதிலாக உரியும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்தச் செதில்கள் சரியாக விரியாது. பழக்க தோஷத்தில் வாக்யூமைப் போட்டுவிடுவதும் நடக்கும். நீர் ஆவியாகி உப்பின் செறிவே மாறிவிடும்.

திரவ நைட்ரஜன் கிடைத்தால் ஐந்து முறை உறையவைத்து 65 டிகிரியில் உருக்குங்கள். வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும் லிப்போசோம்களின் உள் அடுக்குகளுக்கும் உப்பு சமமாகப் போகும். கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது.

5. அளவைக் குறைத்தல்

கை எக்ஸ்ட்ரூடரின் (திரவத்தை நுண்துளைச் சவ்வு வழியாகக் கையால் தள்ளும் கருவி) சூடேற்றும் கட்டையை 65 டிகிரியில் வைத்து, சிரிஞ்சுகளும் சூடாகும்வரை பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் 400, பிறகு 200, கடைசியில் 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வு. நேராக 100-க்குப் போனால் அடைத்துக்கொள்ளும்.

கடைசிச் சவ்வில் 11 அல்லது 21 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு. திரவம் எதிர்ப்பக்கச் சிரிஞ்சில் முடியும். தொடங்கிய சிரிஞ்சில், சவ்வைக் கடக்காமல் ஒட்டி நின்ற பெரிய துகள்கள் அதனோடு கலக்காது.

கட்டைவிரலில் படும் எதிர்ப்பைக் கவனியுங்கள். தள்ளத் தள்ள எதிர்ப்பு மெதுவாகக் குறைந்தால் நல்லது. திடீரென்று லேசானால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். நிறுத்திச் சவ்வை மாற்றுங்கள். கண்ணுக்கும் ஓர் அடையாளம் கிடைக்கும்: பாலாக இருந்த திரவம் மெல்ல நீலம் கலந்த, அரைகுறையாக ஊடுருவித் தெரியும் திரவமாக மாறும்.

துகள் அளவைப் பார்க்கும்போது அப்போதைய உள் கரைசலிலேயே, அதாவது அம்மோனியம் சல்ஃபேட்டிலேயே நீர்க்கச் செய்யுங்கள். வெறும் தண்ணீரில் நீர்த்தால் நீர் உள்ளே பாய்ந்து லிப்போசோம் உப்பும். பின்னால் சுக்ரோஸில் அளக்கும்போது கருவியில் அந்தக் கரைசலின் பாகுத்தன்மையை மறக்காமல் பதியுங்கள். 10 சதவீத சுக்ரோஸ் தண்ணீரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகப் பாகுத்தன்மை உள்ளது. தண்ணீர் என்று விட்டுவிட்டால் 100 நானோமீட்டர் 130-ஆகத் தெரியும். லிப்போசோம் பெருத்துவிட்டது என்று பதறி நல்ல தொகுதியைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

6. வெளியே இருக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டை நீக்குதல்

மொத்த வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. ஏன் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அவசரப்பட மாட்டீர்கள்.

உள்ளே இருக்கும் அம்மோனியம் அயனி கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. அம்மோனியாவுக்கு மின்னேற்றம் இல்லை, சவ்வைக் கடந்து வெளியே ஓடிவிடும். ஹைட்ரஜன் அயனி உள்ளேயே தங்கி அமிலத்தன்மையைக் கூட்டும். வெளியே டாக்ஸோருபிசினில் ஒரு சிறு பங்கு எப்போதும் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். அது சவ்வைக் கடந்து உள்ளே வந்ததும், அங்கே தயாராக இருக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. மின்னேற்றம் வந்துவிட்டதால் திரும்பிப் போக முடியாது. மேலும் சல்ஃபேட்டோடு சேர்ந்து நார் போன்ற படிகமாக இறுகிவிடும்.

இது நடக்க அம்மோனியா வெளியேற வேண்டும். வெளியே ஏற்கெனவே அம்மோனியம் நிறைந்திருந்தால் அது ஏன் வெளியேறப் போகிறது? வெளியே மிச்சமிருக்கும் அம்மோனியம் சல்ஃபேட் ஒவ்வொரு துளியும் உங்கள் மருந்து ஏறுவதைத் தடுக்கிறது.

10 முதல் 14 கிலோடால்டன் வரையுள்ள டயாலிசிஸ் பையில் (அந்த எடைக்குக் குறைந்த சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் பை) 4 மில்லிலிட்டரை ஊற்றி, 400 மில்லிலிட்டர் சுக்ரோஸ்–ஹிஸ்டிடின் கரைசலில், 4 டிகிரி குளிரில், ஸ்டிரர் ஓடவிட்டு வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து முதல் மாற்றம், இன்னொரு நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது, மூன்றாவது கரைசலில் ஓர் இரவு.

பையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டு முடிச்சுப் போடுங்கள். தொடக்கத்தில் பைக்குள் உப்பு அதிகம், நீர் உள்ளே வரும், பை உப்பும். இறுக்கிக் கட்டிய பை காலையில் முடிச்சு அவிழ்ந்தோ வெடித்தோ கிடக்கும்.

எத்தனை முறை மாற்ற வேண்டும்? நூறு மடங்கு கரைசலில் ஒருமுறை வைத்தால் வெளிச்செறிவு 250-லிருந்து 2.5 மில்லிமோலாருக்கு இறங்கும். இரண்டாவது முறை 0.025. மூன்றாவது முறை 0.00025. ஒருமுறை போதும் என்று நினைப்பவர்கள் 2.5-இல் நின்றுவிடுகிறார்கள். அதுவும் பை முழுச் சமநிலைக்கு வந்திருந்தால்தான்.

கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கடைசி வெளிக்கரைசலில் ஒரு மில்லிலிட்டரைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி, பேரியம் குளோரைடு கரைசல் சில துளிகள் விடுங்கள். கறுப்புத் தாளை அடியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கலங்கல் வந்தால் சல்ஃபேட் இன்னும் இருக்கிறது, இன்னொருமுறை மாற்றுங்கள். முதல் மாற்றத்தின் கரைசலையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். பள்ளி வேதியியல் சோதனைதான். இரண்டு நிமிட வேலை, ஒரு வாரத்தைக் காப்பாற்றும்.

நேரமில்லையென்றால் செஃபாடெக்ஸ் ஜி-25 என்னும் ஜெல் மணிகள் நிரப்பிய ஆயத்தக் குழாய்கள் உண்டு. பதினைந்து நிமிடத்தில் முடியும். குழாயின் கொள்ளளவுக்கு மேல் ஊற்றினால் உப்பு லிப்போசோமின் வாலோடு சேர்ந்து வந்துவிடும். அதனால் கடைசிச் சில துளிகளை விட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்த அன்றே மருந்து ஏற்றுங்கள். உள்ளிருக்கும் அம்மோனியா காத்திருக்காது, மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்துத் திங்கள்கிழமை மருந்து போடும் திட்டம் வேண்டாம்.

7. மருந்து ஏற்றுதல்

லிப்போசோமையும் மருந்துக் கரைசலையும் தனித்தனியாக 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டரைக் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். பாத்தின் திரை 60 காட்டும்போது தடித்த கண்ணாடிக் குழாய்க்குள் 52 இருந்ததை நானே அளந்திருக்கிறேன். அந்த வெப்பத்தில் சவ்வு இளகியும் இளகாமலும் நிற்கும், மருந்து பாதியோடு நின்றுவிடும்.

மருந்தை லிப்போசோமில் ஊற்றி, மெதுவாகக் கலக்கியபடி ஒரு மணி நேரம். முதல் தடவை செய்பவர்கள் 10, 20, 30, 60 நிமிடங்களில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து ஐஸில் வையுங்கள். பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுவதை நீங்களே பார்க்கலாம். டாக்ஸோருபிசின் உள்ளே நெருக்கி அடைபடும்போது அதன் ஒளிர்வு அணைந்துவிடும். நீல ஒளியில் பிடித்தால், தொடக்கத்தில் பளிச்சென்று ஆரஞ்சாக மின்னிய குழாய், நேரம் போகப் போக மங்கி வரும்.

ஒரு மணி முடிந்ததும் குழாயை நேராக ஐஸில் வையுங்கள். மேசைமேல் தானாக ஆறவிட்டால் சவ்வு நெடுநேரம் இளகிய நிலையில் இருக்கும், ஏறியது கசியவும் கூடும்.

கூடவே ஓர் ஒப்பீட்டுக் குழாய் வையுங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டுக்குப் பதில் சுக்ரோஸ் கரைசலிலேயே நனைத்துச் செய்த லிப்போசோம், அதே மருந்து, அதே சூடு. அதில் கொஞ்சம்தான் ஏற வேண்டும். அதிலும் 90 சதவீதம் என்று வந்தால் உங்கள் அளவுமுறை பொய் சொல்கிறது.

8. ஏறாத மருந்தைப் பிரித்தல்

செஃபாடெக்ஸ் ஜி-50 நிரப்பிய குழாயில் ஏற்றிச் சுக்ரோஸ்–ஹிஸ்டிடினால் கழுவுங்கள். லிப்போசோம் முதலில் சிவப்புக் கலங்கலாக இறங்கும். தனி மருந்து பின்தங்கி, ஜெல்லின் தலைப்பகுதியில் சிவப்புப் பட்டையாக நிற்கும். அந்தப் பட்டையின் அடர்த்தியைப் பார்த்தாலே வேலை எப்படிப் போயிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்பதெல்லாம் தனி மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 100 நானோமீட்டர் லிப்போசோம் அதில் முழுதாக அடியில் படியாது. வடிகட்டிச் சவ்வுள்ள சென்ட்ரிஃப்யூஜ் குழாய்களில் எதிர்ப்பக்கத் தவறு: மருந்தே அந்தச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், கீழே ஒன்றும் வராது, 99 சதவீதம் ஏறியது போலத் தோன்றும். அந்தக் குழாயைப் பயன்படுத்துவதானால் முதலில் லிப்போசோமே இல்லாமல், தனி மருந்தை மட்டும் ஓட்டி எவ்வளவு கீழே வருகிறது என்று பாருங்கள்.

9. எவ்வளவு ஏறியது என்று கணக்கிடுதல்

ஜெல் குழாயில் ஓடும்போது மாதிரி நீர்த்துப்போகும், லிப்பிடும் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் மருந்தை மட்டும் ஒப்பிட்டால் தவறு. இரண்டு பக்கமும் மருந்து–லிப்பிட் விகிதத்தை எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். குழாய்க்கு முன் மில்லிலிட்டருக்கு மருந்து 1.5 மில்லிகிராம், பாஸ்ஃபோலிப்பிட் (பாஸ்பரஸ் உள்ள லிப்பிட்) 14 மைக்ரோமோல், விகிதம் 0.107. குழாய்க்குப் பின் மருந்து 0.60, பாஸ்ஃபோலிப்பிட் 5.8, விகிதம் 0.103. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறியது ஏறத்தாழ 97 சதவீதம். இதே எண்களில் மருந்தை மட்டும் பார்த்தவர் 0.60-ஐ 1.5-ஆல் வகுத்து 40 சதவீதம் என்று எழுதுவார்.

மருந்தை அளக்க, லிப்போசோமை, சவ்வை உடைக்கும் சோப்பு போன்ற 1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 கலந்து 60 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். சூடாக்காமல் விட்டால் இந்தச் சவ்வு முழுதாக உடையாது, அளவு குறைத்துக் காட்டும். ஆறவைத்து 480 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். அளவுகோட்டை வரையும் கரைசல்களிலும் அதே ட்ரைட்டான், அதே சுக்ரோஸ் இருக்கட்டும்.

லிப்பிடை அளக்கப் பல ஆய்வுக்கூடங்களில் ஸ்டூவர்ட் முறைதான் வழக்கம். இங்கே அது ஆகாது. அது 485 நானோமீட்டரில் பார்க்கிறது, டாக்ஸோருபிசினின் நிறமும் அங்கேயே இருக்கிறது. அமிலத்தில் எரித்து, மாலிப்டேட்டால் நீலநிறம் வரவழைத்துப் பாஸ்பரஸை அளக்கும் பார்ட்லெட் முறைக்குப் போங்கள்.

10. ஏறவில்லையென்றால் எந்த வரிசையில் தேடுவது

முதலில் பேரியம் குளோரைடு சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு குழாய்க்குள் இருந்த உண்மையான வெப்பநிலை. அதன்பின் டயாலிசிஸுக்கும் மருந்து போட்டதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் போனது என்பது. இவை மூன்றும் சரியென்றால்தான் மருந்து–லிப்பிட் விகிதத்துக்கு வாருங்கள். மேலே சொன்ன அளவில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற எடை விகிதம், அது இடிக்க வாய்ப்புக் குறைவு. லிப்பிடை மாற்றுவது கடைசி.

11. இந்த வழிக்கு வராத மருந்துகள்

மின்னேற்றம் மாறாத மருந்துகளுக்கு, உள்ளே அடைபடும் நீரின் பங்கைக் கூட்டுவது ஒரு வழி. லிப்பிடை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவுக்கு உயர்த்தினால் உள்நீர் கால் பங்கை எட்டும். கரைசலைக் குறைத்து, மருந்தை அடர்த்தியாகக் கரைத்து நனையுங்கள்.

இன்னொரு வழி, வெறும் சிறு லிப்போசோம்களை மருந்தோடு கலந்து உறைய உலர்த்தி, மிகக் குறைந்த நீரில் மீண்டும் நனைப்பது. உலரும்போது சவ்வுகள் மருந்தைச் சுற்றி ஒன்றிணைவதால் பிடிப்பு கூடும், துகள் அளவும் கூடும். மறுபடி எக்ஸ்ட்ரூடரில் தள்ளினால் பிடித்ததில் ஒரு பகுதி வெளியேறும். அளவு முக்கியமா, மருந்து முக்கியமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

12. வடிகட்டி வைத்தல்

0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் தள்ளி, ஒளி புகாத குப்பியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் துகள் அளவையும் மருந்து–லிப்பிட் விகிதத்தையும் பாருங்கள். ஒரு பங்கை 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மறுபடி ஜெல்லில் ஓட்டினால் கசிவு தெரியும்.

உறையவிடக் கூடாது. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்திருந்த ஒரு குப்பி எனக்கு ஒரே இரவில் உறைந்துபோனது. உருகியபின் பார்வைக்குப் பழையபடியே சிவப்பாக இருந்தது. ஜெல்லில் ஓட்டியபோதுதான் தலைப்பகுதியில் தடித்த சிவப்புப் பட்டை நின்றது. பனிப்படிகம் சவ்வைக் கிழித்து, ஏற்றியதில் பெரும்பங்கு வெளியே வந்திருந்தது. நடுத்தட்டில், முன்பக்கமாக, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள்.